அஞ்சலையின் வாயும் அம்மியும்

அஞ்சலை போய்விட்டாள் என்ற செய்தியை என்னிடம் கொண்டுவந்தவர், பசாரில் மீன் விற்கும் சீனர். காலை எட்டு மணி இருக்கும். நான் என் மசாலைக் கடையில் குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு, அன்றைக்கு வேண்டிய கொத்தமல்லியை அள்ளிக்கொண்டிருந்தேன். அவர் எதிர்ச்சாரியைக் கைகாட்டி, "அஞ்சலை சுடா மாத்தி" என்றார். மலாயில் செத்துவிட்டாள் என்று அர்த்தம். முந்தின வாரந்தான் அஞ்சலை அவருடைய மீனை முகர்ந்து பார்த்து, "இது கடல்ல பிடிச்சதா, காட்டுல பிடிச்சதா?" என்று பத்துப் பேர் முன்னால் கேட்டிருந்தாள். அந்தக் கோபத்தில் ஏதோ சொல்கிறார் என்று நினைத்தேன். பிறகு எதிரே பார்த்தேன். அவளுடைய அம்மியின்மேல் கோணிச்சாக்கு மூடியிருந்தது. குளுவாங் பசாரில் அந்த அம்மி அந்த வேளையில் மூடிக் கிடந்து நான் பார்த்ததே இல்லை. மூன்று நாள் குளிர்காய்ச்சல், அவ்வளவுதான்.

இரண்டு மாதம் கழித்து இதை எழுதுகிறேன். குழந்தைக்குப் பல் முளைக்கிறது, காய்ச்சல் வந்தது, போயிற்று, மறுபடி வந்தது. காய்ச்சல் என்றால் இப்போது நான் குழந்தையை விட்டு நகர்வதில்லை. தாமதத்துக்கு அதுதான் காரணம். இன்னொரு காரணமும் உண்டு. நம் தமிழர் சங்கத்தில் நடந்த இரங்கல் கூட்டத்துக்குப் போய் வந்த பிறகு, பேனாவை எடுக்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

காரியதரிசி எழுந்து, "அன்பே உருவான அஞ்சலையம்மையார், கடுஞ்சொல் அறியாதவர்" என்று வாசித்தார். தம் வீட்டுக் குழம்புக்கு மசாலை எங்கிருந்து வருகிறது என்பதுகூட அந்த மனிதருக்குத் தெரியாது. அடுத்துப் பேசியவர் அவளை இரண்டு முறை அன்னம்மாள் என்றார். மூன்றாமவர் தம்முடைய துணிக்கடையைப் பற்றிப் பேசினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குழந்தைக்கு விக்கல் என்று சொல்லி வெளியே வந்து நின்றேன். காரியதரிசி பின்னாலேயே வந்து, "நீங்க காலேஜ் படிச்சவங்க. சங்கத்து மலருக்கு நாலு வரி எழுதிக் குடுங்க, நல்லதா எழுதுங்க" என்றார்.

நல்லதாகத்தான் எழுதப் போகிறேன். ஆனால் அவளுடைய வாயை விட்டுவிட்டு எழுத முடியாது. அம்மையார் என்றும் எழுத முடியாது. 'அவர்' என்று எழுதினால், எந்த ரயிலடி மாஸ்டரைப் பற்றிச் சொல்கிறேன் என்று கேட்பாள். ஆகையால், பசாரில் அவளிடம் திட்டு வாங்கியவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். வாங்காதவர்கள் காரியதரிசி வாசித்ததை வைத்துக்கொள்ளட்டும்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். இங்கே பசாரில் மசாலையை அம்மியில் ஈரமாக அரைத்து, வாழையிலையில் பொட்டலம் கட்டி விற்பது நம் பெண்களின் தொழில். தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லாரும் வாங்குவார்கள். மிளகாய், மஞ்சள், மல்லி, சீரகம் என்று அரைத்த விழுதுகள் தனித்தனிக் குவியலாக இருக்கும். வருகிறவரிடம் என்ன குழம்பு, எத்தனை பேர் என்று கேட்டு, ஒவ்வொன்றிலும் கையால் கிள்ளி இலையில் வைக்க வேண்டும். அஞ்சலை மூன்றாவதாக ஒரு கேள்வி கேட்பாள்: "யாரு சாப்பிடறாங்க?" மலாய்க்காரரிடம், "சியாப்பா மாக்கான்?" பல் இல்லாதவர் சாப்பிடுகிறாரா, வயிற்றுப்புண் உள்ளவர் சாப்பிடுகிறாரா, விரதக்காரர் சாப்பிடுகிறாரா? அதற்குத் தக்கபடி கை குறையும், கூடும்.

ரப்பர் விலை விழுந்தபோது, செடெனாக் பக்கத்துத் தோட்டத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த என் கணவருக்கு வேலை போயிற்று. அவர் சிங்கப்பூருக்கு வேலை தேடிப் போனார், எப்போதாவது வந்து போவார். நான் இரண்டு அம்மி வாங்கிப் பசாரில் உட்கார்ந்தேன். சென்னைக் கல்லூரியில் இரண்டு வருஷம் தாவர சாஸ்திரம் படித்ததற்கு அதுதான் பலன். எதிர்ச்சாரியில் அஞ்சலையிடம் கூட்டம் நிற்பதைப் பார்த்துத்தான் அந்த இடத்தைப் பிடித்தேன். அது அவளுக்கும் தெரியும். முதல் நாளே சத்தமாகக் கேட்டாள்: "ஏ காலேஜு! அம்மிய எந்தப் பக்கம் வெச்சி ஒக்காரணும்னு பொஸ்தகத்துல போட்டிருக்கா?" அன்றிலிருந்து எனக்கு அதுதான் பெயர். என் சொந்தப் பெயரை அவள் கடைசிவரை ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

கடை வளர்ந்தது. இரண்டு அம்மி ஐந்தாயிற்று, ஐந்து பெண்கள் வேலைக்கு வந்தார்கள். அப்போதுதான் என் கணவரின் அண்ணன் ஜொகூர் பாருவிலிருந்து வந்து யோசனை சொன்னார். வாழ்க்கையில் ஒரு வெற்றிலைக்கடைகூட வைத்து நடத்தாதவர். "ஒவ்வொருத்தரா கேட்டுக் கேட்டுக் குடுத்தா எப்ப முன்னேறுறது? ஒரே கலவையா அரை. ஒரே ருசி. போர்டு மாட்டு" என்றார். 'சர்வ மசாலை' என்று சிவப்பு எழுத்தில் ஒரு பலகையும் அவரே எழுதி வந்தார். விடியற்காலையில் ஒரே கலவையாக அரைத்து, உப்பைத் தூக்கிப் போட்டுப் பானையில் வைத்துவிட்டால், பகலெல்லாம் கட்டிக் கட்டிக் கொடுக்கலாம். யாரிடமும் எதுவும் கேட்க வேண்டாம். நானும் படித்தவள் அல்லவா, அவர் பேச்சைக் கேட்டேன்.

ஒரு வருஷத்தில் நான் எதற்காகப் பசாருக்குப் போகிறேன் என்பதே எனக்கு மறந்துபோயிற்று. காலையில் எழுந்ததும் இன்றைக்கு மழை பெய்து யாரும் வராமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்வேன். கடையில் உட்கார்ந்து பலகையின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். யோசனை சொல்ல ஆள் குறைவில்லை. ஒருவர் வாசலை மாற்றச் சொன்னார். ஒருவர் முருகனுக்கு நேர்ந்துகொள்ளச் சொன்னார். அண்ணன் இன்னும் பெரிய பலகை மாட்டச் சொன்னார்.

அந்தச் சமயத்தில் ஒருநாள், ரயிலடியில் வேலை செய்யும் ஓர் இளைஞன் வந்து, "மசாலா குடுங்க" என்றான். தலையைத் தூக்காமல் கட்டிக் கொடுத்தேன். அவன் பத்தடி போயிருக்க மாட்டான். அஞ்சலை அவனை நிறுத்தி, வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்டிருக்கிறாள். பெண்டாட்டிக்குக் குழந்தை பிறந்து எட்டு நாள் என்று அவன் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறான். பிள்ளை பெற்றவளுக்கு மிளகு, சீரகம், பூண்டு போட்டுப் பத்தியக் குழம்பு வைக்க வேண்டும் என்பது அந்த அப்பாவிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவள் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு நேரே என் கடைக்கு வந்தாள். பசாரே பார்த்தது.

"ஏ காலேஜு, நீ மசாலா விக்கிறியா, ரயிலு டிக்கெட்டு விக்கிறியா? தலையத் தூக்காமக் குடுக்குறியே! எட்டு நாளு பிள்ளக்காரிக்கு வத்த மொளகாயா? அவ பாலக் குடிச்சிட்டு அந்தப் பச்ச மண்ணு கத்தாதா?" தூளியை எட்டிப் பார்த்தாள். "இதுல கெடக்குறது என்னா, பொம்மையா?"

பொட்டலத்தை என் முன்னால் போட்டுவிட்டுப் போனாள். அந்த இளைஞனுக்குப் பத்திய மசாலையை அவளே அரைத்துக் கொடுத்தாள். அன்று முழுக்க நான் குழந்தையை மடியிலிருந்து இறக்கவில்லை. என் குழந்தைக்கு யாராவது இப்படிச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மத்தியானம், பசார் ஓய்ந்த வேளையில், எதிர்ச்சாரிக்குப் போனேன்.

"அக்கா, நான் கடைய விடப்போறேன். கப்பலேறி அப்பா வீட்டுக்கே போயிடறேன். அம்மியெல்லாம் நீங்க எடுத்துக்கங்க."

"ஏன்?"

"சலிச்சிப் போச்சுக்கா."

"எது?"

"வியாபாரந்தான்."

என் கையை இழுத்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். முகர்ந்தும் பார்த்தாள், மீனை முகர்கிற மாதிரியே.

"இந்தக் கையா சலிச்சிச்சி? மஞ்சக் கறகூட இல்லியே. நீ அம்மியத் தொட்டு எத்தன மாசம்?"

குழந்தை பிறந்து ஒரு மாதத்தில் நடந்ததைச் சொன்னேன். மிளகாய் அரைத்த கையோடு குழந்தையின் கண்ணைத் தொட்டுவிட்டேன். அது கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. அன்றைக்கு அம்மியை விட்டவள்தான். இதுவரை யாரிடமும் அதைச் சொன்னதில்லை. கொஞ்சம் இரக்கம் காட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அலமாக்! நல்லெண்ணெயத் தேச்சி, புளியப் போட்டுக் கழுவுனா போற காரம். காலேஜுல கை கழுவச் சொல்லித் தரலியா?" என்றாள். பிறகு, "தொடாத வேல எப்பிடிம்மா சலிக்கும்? ஒனக்குச் சலிச்சது நாலு பேர அதட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கறது. போறதுன்னா போ லா, எனக்கு லாபந்தான். ஆனா மசாலா சலிச்சிச்சின்னு பழியப் போட்டுட்டுப் போவாத" என்றாள்.

என்னைக் காப்பாற்றுவதற்காக அவள் இதைச் சொன்னாள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அடுத்த மூச்சில், "அஞ்சு அம்மியும் வேணாம். ரெண்டு போதும். மத்ததெல்லாம் சப்பக் கல்லு" என்று சொல்லிவிட்டாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். என்னுடைய கல்லா சப்பைக் கல்?

அந்தக் கோபத்தோடுதான் மறுநாள் அம்மியில் உட்கார்ந்தேன். வேலைக்கு இருந்தவர்களில் ஒருத்தி அப்போது ஊருக்குக் கப்பலேறியிருந்தாள். அவளுடைய அம்மி சும்மா கிடந்தது. முதலில் வந்தவர் ஒரு மலாய்க்கார அம்மாள். "மாசா அப்பா?" என்று, என்ன சமையல் எனக் கேட்டேன். "சியாப்பா மாக்கான்?" என்றும் கேட்டேன். அதற்காகத் தலையைத் தூக்க வேண்டியிருந்தது. அவருக்கு ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. ஒரு வருஷமாகத் தினம் என்னிடம் வாங்குகிறவர், நான் அன்றைக்குத்தான் பார்க்கிறேன். படுத்த படுக்கையாக இருக்கும் கணவருக்கு மீன் குழம்பு என்றார். பல் கிடையாது என்றார். வெண்ணெய் மாதிரி அரைத்துக் கொடுத்தேன். மத்தியானம் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. நல்லெண்ணெய் தேய்த்துப் புளி போட்டு மூன்று முறை கழுவிவிட்டு, பயந்து பயந்து குழந்தையைத் தூக்கினேன். அது சிரித்தது. அன்றைக்கும் களைப்புதான். ஆனால் சாப்பிட்டுத் தூங்கினால் போகிற களைப்பு.

சாயங்காலம் அஞ்சலை வந்து, என் அம்மியிலிருந்து ஒரு கிள்ளு எடுத்து நாக்கில் வைத்துத் துப்பினாள். "மாடு மென்னு போட்ட மாதிரி இருக்கு."

ஒரு வாரம் கழித்து மறுபடி வந்தாள். "கன்னுக்குட்டி மென்னு போட்ட மாதிரி இருக்கு." அவள் அகராதியில் அது உத்தியோக உயர்வு.

சர்வ மசாலைப் பானையைக் கவிழ்த்தேன். இருந்த நான்கு பெண்களிடமும், இனி அவரவர் வாடிக்கையை அவரவரே கேட்டு அரையுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர்களுக்கு அது முன்னமே தெரிந்திருந்தது. நான் ஒருத்திதான் தெரியாமல் இருந்தேன். அண்ணன் கொடுத்த பலகையைக் குப்புறப் போட்டு, அதன்மேல் மிளகாய் காயவைத்தேன். அவர் வந்து பார்த்துவிட்டு, "முன்னேற மாட்ட" என்றார். "சரிங்க" என்றேன். கப்பலைப் பற்றி அதற்குப் பிறகு நான் நினைக்கவில்லை.

அவள் இறந்த பதினைந்தாம் நாள், அவளுடைய கணவர் வீரன் என் கடைக்கு வந்தார். ரயில்பாதைக் கூலி வேலை செய்கிறவர், பேச்சுக் குறைந்த மனிதர். வீட்டுப் பேச்சையெல்லாம் அவளே பேசியிருப்பாள். "நாளைக்கிப் படையல். மசாலா வேணும்மா" என்றார்.

"என்னா கொழம்பு?"

"மீனுதாம்மா. அவளுக்குப் பிடிக்கும்."

வாய்ப் பழக்கம், கேட்டுவிட்டேன்: "யாரு சாப்பிடறாங்க?"

அவர் என்னைப் பார்த்தார். "அவதாம்மா" என்றார்.

என்னிடம் ஒரு நாளும் வாங்காதவளுக்கு, அன்றைக்கு அரைத்தேன். அரைத்து முடித்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். சீரகம் ஒரு கிள்ளு கூடிவிட்டது. வேறு யாருக்காக இருந்தாலும் கட்டிக் கொடுத்திருப்பேன். வழித்து என் வீட்டுக்கு எடுத்து வைத்துவிட்டு, அம்மியைக் கழுவி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். வீரன் காத்திருந்தார். காத்திருக்கப் பழகியவர்.

அவளுடைய அம்மி அவரிடமே இருக்கிறது, நான் கேட்கவில்லை. என்னிடம் இருப்பவை மூன்று: நல்லெண்ணெயும் புளியும் கொண்டு கை கழுவுகிற விதம், யார் சாப்பிடுகிறார்கள் என்ற கேள்வி, யோசனை சொல்ல வருகிறவர்களின் உள்ளங்கையை முதலில் பார்க்கிற கெட்ட பழக்கம். காரியதரிசி இரங்கல் கூட்டத்தன்று எனக்குக் கை கூப்பினபோதும் பார்த்தேன். சுத்தமான கை.

இரண்டாவது தடவை அரைத்ததற்கும் அஞ்சலை ஏதாவது குறை சொல்லியிருப்பாள். அந்தப் படையலை நினைக்கும்போதெல்லாம், அது என்ன குறையாக இருக்கும் என்று யோசிக்கிறேன். கன்றுக்குட்டி மென்று போட்டது என்று மட்டும் சொல்லியிருக்க மாட்டாள்.