வாவல் மீனின் வாயில் பதினான்கு கால்கள்

மலேசியாவின் கிள்ளானில் அம்மாவுக்கு ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கடைவரிசையின் கோடியில் ஆறு மேசை, பின்னால் ஒரு சமையலறை, அவ்வளவுதான். ஆனால் அம்மா வைக்கும் கறுப்பு வாவல் குழம்புக்கென்றே துறைமுகத்திலிருந்து லோரிக்காரர்கள் வருவார்கள். எங்கள் பக்கத்தில் அந்த மீனைப் பாவால் என்போம். தலையோடு முழு மீனாகப் போட்டால்தான் மரியாதை. தலையில்லாத பாவாலை வைத்தால் தட்டை நகர்த்திவிடுவார்கள்.

அந்தத் தலைக்குள்தான் என் ஆஸ்தியெல்லாம் இருந்தது. பாவாலின் வாயைத் திறந்தால், பத்தில் ஒன்றிரண்டில், நாக்கின் மேல் ஒரு பூச்சி உட்கார்ந்திருக்கும். பால் நிறம், கட்டைவிரல் நுனியளவு, இரண்டு கறுப்புப் புள்ளிக் கண்கள். மீன் வாயைத் திறக்கும்போதெல்லாம் அது வெளியே எட்டிப் பார்த்திருக்க வேண்டும். பத்து வயதில் எனக்கு அதன் மேல் ஒரு வெறியே இருந்தது. காலையில் ஐஸ்பெட்டி வந்ததும் பள்ளிச் சீருடையோடு குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு மீனின் வாயாகத் திறந்து பார்த்துவிடுவேன். கிடைத்ததை ஜாம் பாட்டில்களில் வினிகர் ஊற்றிப் போட்டு, தேதி எழுதி ஒட்டிவைப்பேன். முதலில் திட்டிய அம்மா, போகப்போக அதையே நம்ப ஆரம்பித்துவிட்டார். நான் பார்த்துவிட்டால் மீன் வாயை அவர் மறுபடி திறப்பதில்லை.

அன்று புரட்டாசி பிறப்பதற்கு முந்திய நாள். மறுநாளிலிருந்து ஒரு மாதம் ஊரே சைவம் என்பதால் அன்றைக்கு மட்டும் மூன்று மடங்கு மீன் வந்திருந்தது. அதில் ஒரு பாவாலின் வாயில் நான் அதுவரை பார்க்காத பெரிய பூச்சி இருந்தது. வயிறு உப்பியிருந்தது. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. பலமாக இழுத்தால் கால் ஒடிந்துவிடும். பள்ளிவேன் வேறு ஹாரன் அடித்தது. மத்தியானம் வந்து நிதானமாக எடுக்கலாம் என்று அந்த மீனைப் பெட்டியின் அடியில் ஐஸுக்குக் கீழே தள்ளிவிட்டு ஓடினேன். அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கத்தியால் நோண்டி எறிந்திருப்பார்.

மத்தியானம் நான் வேனிலிருந்து இறங்கியபோது கடையில் அடங்காத கூட்டம். நேராகப் பெட்டியிடம் போனேன். பெட்டி காலி. முன்பக்கம் எட்டிப் பார்த்தபோது, வழக்கமாக வரும் லோரிக்கார அண்ணன் ஒருவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். அவர் தட்டின் ஓரத்தில் என் பூச்சி கிடந்தது. புளியிலும் மிளகாய்த்தூளிலும் வெந்து, பால் நிறம் போய்ப் பழுப்பாகியிருந்தது.

"அக்கா, லிப்பாஸ் கெடக்கு பாருங்க."

லிப்பாஸ் என்றால் கரப்பான். அம்மா ஓடிவந்து, அது கடல் பூச்சி, மீனோடு வருவது, கரப்பான் இல்லை என்று சொல்லிப் பார்த்தார். வேறு மீன் தருகிறேன் என்றார். அவர் கேட்கவில்லை. அவருடைய ஆத்திரம் பூச்சி மேல் மட்டும் இல்லை.

"நாளையிலருந்து ஒரு மாசம் சைவம்கா நானு. கடைசி வாய்க்கு இதுவா கெடைக்கணும்?"

கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, பூச்சியை டிஷ்யூவில் மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் போன பிறகு ஒவ்வொரு மேசையாகக் காலியானது. சாயங்காலத்துக்குள் அந்தப் படம் வாட்ஸ்அப்பில் ஊரைச் சுற்றிவிட்டது. பூச்சோங்கில் இருந்த மாமா, எந்தக் கடை என்று தெரியாமல், கிள்ளான் பக்கம் வெளியே சாப்பிடும்போது பார்த்துச் சாப்பிடு என்று அம்மாவுக்கே அதை அனுப்பிவைத்தார். அம்மா அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சோதனைக்கு வருகிறவர்கள் கரப்பான் என்று எழுதிவிட்டால் லைசென்ஸ் போய்விடும் என்று அப்பாவிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. நான்தான் விட்டுவைத்தேன் என்று சொல்ல நாலைந்து தடவை வாயெடுத்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிப்போனேன்.

மறுநாள் மூன்று மணிக்கு நகராண்மைக் கழகத்தின் சுகாதாரப் பிரிவிலிருந்து ஒரு மலாய்க்கார அதிகாரி வந்தார். இளவயதுப் பெண். சமையலறையை மூலைமுடுக்கெல்லாம் பார்த்தார். பிறகு மேசையில் ஒரு பிளாஸ்டிக் பையை வைத்தார். உள்ளே என் பூச்சி. அம்மா தன் அரைகுறை மலாயில் விளக்க விளக்க, அவர் எழுதிக்கொண்டே இருந்தார். அம்மாவின் கை முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தது. எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. உள்ளே போய் ஒரு ஜாம் பாட்டிலைக் கொண்டுவந்து பையின் பக்கத்தில் வைத்தேன்.

இரண்டும் ஒரே பூச்சிதான் என்று பள்ளிக்கூட மலாயில் ஆரம்பித்தேன். கரப்பானுக்கு ஆறு கால்; இதை எண்ணிப் பாருங்கள், ஏழு ஜோடி. அவர் பேனா முனையால் ஒவ்வொன்றாக எண்ணினார். பதினான்கு. எல்லாக் காலும் தூண்டில் முள்ளாக உள்பக்கம் வளைந்திருக்கும், அதனால்தான் வாயில் பிடித்தால் விடாது. நீள மீசை கிடையாது, இறக்கையும் கிடையாது. உடம்பு ஏழு வளையம், அதற்குப் பின்னால் குறுகலாகச் சில வளையங்கள், கடைசியில் அகலமாக ஒரு வால்தட்டு, அதன் இரு பக்கமும் சின்னத் துடுப்புகள். பையிலிருந்த பூச்சியை எடுத்துத் திருப்பி வயிற்றைக் காட்டினேன். ஒன்றின் மேல் ஒன்றாக மெல்லிய தகடுகள் மூடியிருந்தன. ஈர்க்குச்சியால் ஒரு தகட்டைத் தூக்கினேன். உள்ளே அரிசிக் குருணை மாதிரி குஞ்சுகள், ஒரு பை நிறைய.

இறால், நண்டு வகையறாவைச் சேர்ந்த ஐசோபோட் அது என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அதில் எந்த இனம் என்று இன்றும் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. காலையும் வாயுறுப்பையும் தனித்தனியாகப் பிரித்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால்தான் தெரியுமாம். அன்றைக்கு எனக்குக் கரப்பான் இல்லை என்பது போதும்.

அதிகாரிக்கும் அது போதுமாயிருந்தது. கரப்பான் இல்லை என்று அம்மாவைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு ஏட்டை மூடினார். அம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். அதிகாரி சிரித்தபடி, தங்கச்சிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டார்.

கேட்டவுடன் கொட்டிவிட்டேன். தினமும் காலையில் எல்லா மீனின் வாயையும் நான்தான் திறந்து பார்ப்பேன், நான் பார்த்த பிறகுதான் அம்மா குழம்பில் போடுவார், இந்த ஒன்றை மட்டும் பெரிதாக இருக்கிறதே என்று நான்தான் விட்டுவைத்தேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன். பாராட்டு வரும் என்று நின்றேன். அதிகாரியின் சிரிப்பு போய்விட்டது. என் வயதைக் கேட்டார். டைபாய்டு ஊசி போட்டிருக்கிறதா என்று கேட்டார். சாப்பாட்டுக் கடையில் உணவைத் தொடுகிறவர்கள் அந்த ஊசி போட்டிருக்க வேண்டும் என்ற சட்டம் எனக்கு அப்போது தெரியாது.

அம்மா எழுந்து நடுவில் வந்தார். பிள்ளை ஏதோ கதை விடுகிறது, அது சமையல்கட்டுப் பக்கமே வராது, மீன் வாயைப் பார்ப்பது நான்தான், நேற்று நான்தான் கவனிக்காமல் விட்டேன் என்றார். இத்தனை நாள் பாடுபட்டுச் சேர்த்ததெல்லாம் என்னுடையது. ஒரே வார்த்தையில் அதைத் தன்னுடையதாக்கி, என்னைப் பொய்க்காரியாகவும் ஆக்கிவிட்டார்.

"பொய் சொல்றது அம்மாதான்," என்று மலாயிலேயே சொன்னேன். அதிகாரி நம்பமாட்டாரோ என்று, தேதி எழுதி ஒட்டியிருந்த மற்ற பாட்டில்களையும் கொண்டுவந்து வரிசையாக அடுக்கினேன்.

அதிகாரி ஏட்டை மறுபடி திறந்தார். ஊசி போடாத சின்னப் பிள்ளை சமையல் பொருளைத் தொட்டதற்காகக் கடையை இரண்டு வாரம் மூட வேண்டும் என்று எழுதினார். எழுதும்போது அவர் எங்கள் இருவரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கதவில் ஒட்டிய தாளில் காரணம் எதுவும் இல்லை. எங்கள் கடைவரிசைக்காரர்கள் அதில் கரப்பானைப் படித்துக்கொண்டார்கள்.

நான் இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை. அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. அதையே அவர் செய்த தப்புக்கு அத்தாட்சியாக எடுத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் காலை எனக்குத் தலை பின்னிக்கொண்டே, இன்னும் கோபமா என்று கேட்டார். அந்த ஆன்டி முன்னால் என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டீங்களே என்றேன்.

"தப்புதாம்மா. அம்மா அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது. மன்னிச்சிரு."

நான் யோசித்தேன். இந்த ஒரு தடவை போகட்டும், இனிமேல் பொய் சொல்லக்கூடாது என்று சொல்லி, அம்மாவை மன்னித்துவிட்டுப் பள்ளிக்குப் போனேன்.