குத்துக்கல் நகர்ந்தது

டயர் கம்பெனி டீமில் அவனுக்குப் பெயர் குத்துக்கல். எதிராளியின் கோலுக்கு முன்னால் போய் நின்றுவிட்டால் லேசில் நகர மாட்டான். மற்றவர்கள் நாக்குத் தள்ள ஓடிக்கொண்டிருப்பார்கள். இவன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பான். பந்து வந்து சேர்ந்ததும் ஒரே அடி, வலைக்குள். அப்புறம் அவனைச் சோம்பேறி என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

கம்பெனி அவனுக்கு வேலை கொடுத்ததே அந்தக் காலுக்காகத்தான். காலையில் மைதானம், மதியத்துக்கு மேல் கிடங்கில் டயர் உருட்டி அடுக்க வேண்டும். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. முதல் டிவிஷனிலிருந்து இறங்கினால் டீமைக் கலைத்துவிட்டு ஆட்களையும் அனுப்பிவிடுவோம் என்று மேனேஜர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார். வீட்டில் மனைவிக்கு ஏழாம் மாதம்.

அந்த வருஷம் பார்த்து, தடுப்பாட்டக்காரர்களில் நல்லவர்கள் இரண்டு பேர் வேறு கம்பெனிக்குத் தாவிவிட்டார்கள். புதிதாக வந்தவர்களோ பந்தைக் கண்டாலே பதறினார்கள். நடுவில் ஆடியவன் அவனுடைய மச்சான், மனைவியின் அண்ணன். பந்தை முன்னால் அனுப்ப வேண்டியவனுக்குப் பின்னால் ஓட்டையை அடைக்கவே நேரம் போதவில்லை. குத்துக்கல் தனியாக நின்று, தன் டீம் கோல் மேல் கோல் வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்படிச் சும்மா நின்று பார்ப்பது என்ன லேசான காரியமா?

ஒரு நாள் பந்தைத் தேடி நடு மைதானம் வரை இறங்கினான். அடுத்த ஆட்டத்தில் இன்னும் பின்னால். எப்போதாவது எதிர்க் கோலுக்கு முன்னால் ஒரு பந்து கிடைத்தால், வாங்கிய கோல்களையெல்லாம் அந்த ஒன்றிலேயே ஈடுகட்டிவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்ளும். யோசிக்காமல் அடித்தவன் யோசித்து அடித்தான். பந்து வானத்துக்குப் போனது. காக்கா சுடுகிறான் என்று கேலரியில் சிரித்தார்கள்.

முன்னாலேயே நில் என்று கோச் தொண்டை கிழியக் கத்துவார். இவனும் தலையாட்டுவான். பந்து தன் பக்கம் போனதும் கால் தானாகப் பின்னால் ஓடும். வீடு பற்றி எரிகிறபோது வாசலில் நில் என்றால் எவன் நிற்பான்? அவனைத் திட்டியவர்கள் ஒருவரும் அந்த இடத்தில் நின்று பார்த்தவர்கள் இல்லை.

வீட்டில் அவன் வாயைத் திறப்பதில்லை. "என்னங்க, கோல் போஸ்ட் எந்தப் பக்கம்னு மறந்துபோச்சா?" என்று மனைவி கேலி செய்து பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை. அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால்தான் பிழைப்பு. டிராவும் உதவாது. முடியப்போகிற நேரம் வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. அப்போது எதிராளிக்கு ஒரு கார்னர் கிடைத்தது. கோச் கத்தக் கத்த இவனும் ஓடி வந்து தன் கோல் கம்பத்தை ஒட்டி நின்றுகொண்டான். கோல்கீப்பர் கையை மீறி உள்ளே போகவிருந்த பந்தைத் தலையால் முட்டி வெளியே தள்ளினான். கேலரி எழுந்து கைதட்டியது.

பந்து மச்சான் காலில் விழுந்தது. அவன் தலையைத் தூக்காமலே திரும்பி, எதிர்க் கோலைப் பார்த்து நீளமாக அடித்தான். வழக்கமாக இவனை மறித்து நிற்பவனும் சேர்த்து எதிராளிகள் எல்லோரும் இந்தப் பக்கம் வந்திருந்ததால் அந்தப் பாதி மைதானமே காலி. பந்து அளந்து வைத்தது போலக் கோலுக்கு முன்னால் போய்க் குதித்தது. தொடுவதற்கு ஓர் ஆள் இல்லை. அவர்கள் கோல்கீப்பர் நிதானமாக நடந்து வந்து எடுத்துக்கொண்டான். விசில் ஊதிவிட்டார்கள்.

உடை மாற்றும் அறையில் மேனேஜர் அவன் முதுகில் தட்டினார். இந்த வருஷத்திலேயே இன்றைக்குத்தான் நன்றாக ஆடினாய் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவன் ஷூ கயிற்றை அவிழ்க்காமல் உட்கார்ந்திருந்தான். "மச்சான், அந்தப் பந்தை யாருக்கு அடிச்சே?"

"உனக்குத்தான் மாப்ள. நீ அங்கதானே நிப்பே."

மச்சான் குரலில் கோபமே இல்லை. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான்.

மச்சான் குனிந்து அவன் ஷூ கயிற்றை அவிழ்த்துவிட்டு எழுந்தான். "நீ மெதுவா வா. தங்கச்சிகிட்ட நான் போய்ச் சொல்றேன்."