சேற்றில் பதிந்த நான்கு நகங்கள்

நான் சின்ன வயதிலிருந்தே எதையும் லேசில் நம்பாதவள். அம்மா தலைவலி என்று படுத்தால்கூட நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம்புவேன்.

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால், சித்தப்பாவின் கொட்டிலில் ஒருநாள் விடியும்போது ஆட்டுக்குட்டி வயிறு கிழிந்து கிடந்தது.

"சிறுத்தை வேலை. மேல்மலையிலருந்துதான் எறங்கி வந்திருக்கு" என்றார் சித்தப்பா.

லயமே நடுங்கியது. எனக்கு மட்டும் எங்கேயோ இடித்தது. தண்ணீர் ஓடும் கானோரச் சேற்றில் தடம் இருந்தது. சிறுத்தை பூனைச் சாதி, நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். நரி நாய்ச் சாதி, அதனால் அது முடியாது என்று விஞ்ஞான டீச்சர் சொல்லியிருந்தார். இங்கே நான்கு நகமும் பளிச்சென்று பதிந்திருந்தன. சிறுத்தையாயிருந்தால் கழுத்தைக் கவ்விக் குட்டியைத் தூக்கிக்கொண்டே போயிருக்காதா? நான் குனிந்து பார்ப்பதைக் கண்ட சித்தப்பா, வந்து செருப்பால் தடத்தைத் தேய்த்தார். சித்தியும் அம்மாவும் குசுகுசுத்தார்கள்; என்னைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டார்கள். அடேயப்பா, கொட்டிலைச் சாத்த மறந்துவிட்டு மனுஷன் என்ன நாடகம் ஆடுகிறார்! நரி தின்றால் அவர் தப்பு, சிறுத்தை தின்றால் யார் கேட்பது?

காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில், மேல்மலைக்குப் போக மாட்டோம் என்று பெண்கள் நின்றுவிட்டார்கள். வேலை வாங்கும் கணக்கப்பிள்ளையும் இறங்கி வந்து, சரி, கீழ்மலையிலேயே கொழுந்து எடுங்கள் என்றார். பள்ளிக்கூடச் சீருடையோடு நின்ற நான் விடுவேனா?

"ஐயா, அது சிறுத்தை இல்லைங்க, நரி. நகம் பதிஞ்சிருந்துச்சு. சித்தப்பாதான் அழிச்சிட்டாரு."

கணக்கப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். "படிச்ச புள்ள சொல்லுது, கேட்டீங்களா? ஏறுங்க மேல!"

சித்தப்பா அறைவார் என்று ஒதுங்கினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, சித்தியைத்தான் பார்த்தார். சித்தி கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு ஏறினாள்.

சித்திக்கு அப்போது இரண்டு மாதம். ஏற்கெனவே ஒன்று தங்காமல் போயிருந்தது. மூன்று மாதம் முடியும்வரை வெளியே மூச்சுவிடக்கூடாது என்பது எங்கள் வழக்கம். சொல்லாமல் லேசான வேலை கேட்க முடியுமா? அந்தச் செங்குத்து மலையிலிருந்து அவளைக் காப்பாற்றத்தான் சித்தப்பா நரியைச் சிறுத்தையாக்கினார். எனக்குக் கல்யாணமான பிறகுதான் அம்மா இதைச் சொன்னாள். என் நாக்கை அறுத்துப் போடலாம் போலிருந்தது.

மேல்மலை ஏறிய நான்காம் நாள் சித்தியைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வெளுத்த முகத்தோடு திரும்பி வந்தாள். என்னவென்று கேட்டேன்.

"வயித்து வலிடி" என்றாள் அம்மா.

அந்த ஒன்றை மட்டும் நான் சந்தேகப்படவே இல்லை. நரித் தடத்தைக் கண்டுபிடித்ததற்காக டீச்சர் வகுப்பையே கைதட்டச் சொன்னதைச் சித்தியின் பக்கத்தில் உட்கார்ந்து பெருமையாகச் சொன்னேன். சித்தி என் தலையைத் தடவி, "கெட்டிக்காரி" என்றாள். அதையும் நம்பினேன்.