சரீப் தொடாத தட்டு

ஹாஜறா பொய் சொல்வாள் என்பது கல்முனையில் அவளுடைய தெருவுக்கே தெரியும். அதற்காக யாரும் அவளைக் குறைத்துப் பேசியதில்லை. மாமியும் மருமகளும் முகம் பார்க்காமல் திரிந்தால் ஹாஜறாவைத்தான் கூட்டிவருவார்கள். அவள் மருமகளிடம் போய், "மாமி உனக்காகத் துஆ கேட்டாவாம் புள்ள" என்பாள். மாமியிடம் வந்து, "உங்கட மீன்கறிய நினைச்சு அவள் அழுறாள்" என்பாள். துஆவும் இராது, அழுகையும் இராது. பிணங்கிய இருவரை இணக்கச் சொல்வது பொய்க்கணக்கில் சேராது என்று மார்க்கமே இடம் கொடுத்திருக்கிறது. ஹாஜறா அந்த இடத்தில் வளவு வாங்கி வீடு கட்டிக் குடியிருந்தாள் என்றே சொல்லலாம்.

ஊரை இணக்கியவளால் கூடப்பிறந்தவர்களை இணக்க முடியவில்லை. மூத்தவர் சரீப், வயல்காரர். இளையவன் இன்ஸாப், கத்தாரில் வேலை செய்தவன். வாப்பா மௌத்தான செய்தி கேட்டு அவன் விமானம் ஏறிவிட்டான். ஜனாஸாவைத் தாமதிக்கக் கூடாது என்று சரீப் அஸர் தொழுகையோடு அடக்கிவிட்டார். பயணப் பையோடு இன்ஸாப் வந்து இறங்கியபோது மையவாடியிலிருந்து சனம் திரும்பிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் பொறுக்க ஏலாமப் போச்சா காக்கா?" என்று அண்ணனிடம் கேட்டான்.

"மையித்தக் காக்க வைக்கப்படாது," என்றார் சரீப். மார்க்கப்படி சரியான பதில்தான். ஆனால் வாப்பாவின் முகத்தைக் காணாமல் நிற்பவனுக்குச் சொல்கிற பதிலா அது?

அதோடு கதை அறுந்தது. ஆறு வருடமாக இன்ஸாப் காக்காவோடு பேசவில்லை. வாப்பாவைக் கொண்டுபோன வீட்டு வாசலையும் மிதிக்கவில்லை. அது ஹாஜறா சீதனமாகப் பெற்ற வீடு. அவளைப் பார்ப்பதென்றால் கேற்றுக்கு வெளியே நின்று கூப்பிடுவான்.

அந்த ஆறு வருடமும் ஹாஜறா சும்மா இருக்கவில்லை. "காக்கா உன்ன விசாரிச்சார்" என்று இவனிடம் சொல்வாள், "தம்பி உங்கட சுகம் கேட்டான்" என்று அவரிடம் சொல்வாள். முதலில் தலை குனிந்து கேட்ட இன்ஸாப், போகப்போகச் சிரிக்கத் தொடங்கினான். சரீப் மட்டும் ஒவ்வொரு முறையும் "அல்ஹம்துலில்லாஹ்" என்பார்.

பிரதான வீதியில் ஒரு மாடியில் புதுக்கடை திறந்திருப்பதை அவளுடைய மகள் ஸப்னாதான் சொன்னாள். "டாபாஸ் எண்டு சொல்ற உம்மா. சின்னச் சின்னத் தட்டா வரும். நடுவுல வச்சு எல்லாரும் எடுத்துத் தின்னுற."

ஹாஜறாவின் மனதில் பெரிய சஹன் தட்டு வந்து நின்றது. கலியாணத்திலும் கந்தூரியிலும் ஒரு சஹனைச் சுற்றி இருந்து ஒரே சோற்றில் கை வைத்தவர்கள் எத்தனை நாளைக்கு முகத்தைத் திருப்ப முடியும்? கடையென்றால் யாருடைய வாசலும் இல்லை. தம்பி கூப்பிட்டான் என்று அவரிடமும், காக்கா கூப்பிட்டார் என்று அவனிடமும் சொன்னாள். இன்ஸாப் வழக்கம்போலச் சிரித்தான்; ஆனாலும் மஃரிப் தொழுதுவிட்டு இருவரும் வந்துவிட்டார்கள்.

மஞ்சள் வெளிச்சமும் மெத்தை வைத்த கதிரையுமாகக் கடை பார்க்கச் சோக்காகத்தான் இருந்தது. வெயிட்டர் ஓடர் எடுக்கும்போதே அவன் கண் அடுத்த மேசையில் இருந்தது. அங்கே யாருக்கோ பிரியாவிடை விருந்து, ஒரே கும்மாளம். சரீப் இறால் சொன்னார். இன்ஸாப் கணவாய் சொன்னான். கேட்ட தண்ணீர் வரவேயில்லை. மூன்று பேருக்கான கதையையும் ஹாஜறா ஒருத்தியே கதைத்தாள். தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

வெகுநேரம் கழித்து இறால் வந்தது. கோப்பைத் தட்டு அளவில் ஒரு தட்டு, அதில் ஐந்து இறால். யானைப் பசிக்குச் சோளப்பொரி. வெயிட்டர் அதைச் சரீப்பின் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டான். ஹாஜறா தட்டை நடுவுக்குத் தள்ளினாள்.

"எடுங்களன் ரெண்டு பேரும்."

"அது அவருக்கு வந்தது. அவர் தின்னட்டும்," என்றான் இன்ஸாப்.

சரீப் எடுக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். இறாலைச் சுற்றிப் பட்டர் வெள்ளையாக உறைந்தது. இன்ஸாப் வெயிட்டரை இரண்டு முறை கூப்பிட்டான், "இந்தா வருது சேர்" என்றே பதில் வந்தது. அடுத்த முறை வெயிட்டர் பக்கத்தில் வந்து, "கணவாய் நீங்க சொன்னீங்களா சேர்?" என்று கேட்டான். ஓடரே போகவில்லை.

இன்ஸாப் தட்டைப் பார்த்தான், காக்காவைப் பார்த்தான். பிறகு ஹாஜறாவிடம், "என்னோட ஒரு தட்டுல கை வைக்கவும் அவருக்கு மனமில்ல ராத்தா" என்று சொல்லிவிட்டு எழுந்து படியிறங்கினான்.

வெயிட்டர் தொடாத தட்டை எடுக்கக் குனிந்தான்.

"அதத் தொடாதீங்க," என்றார் சரீப். "என்ட தம்பிட தட்டு வரட்டும். அவன் இல்லாம நான் தின்ன மாட்டன். ஒருக்காப் பொறுக்காம உட்டுட்டன், அது போதும்."

ஹாஜறா செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் கீழே ஓடினாள். இன்ஸாப் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டிருந்தான். காக்கா சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். அவள் வாழ்க்கையில் அப்படிச் சொன்ன முதல் தூது அதுதான்.

அவன் கோபப்படவில்லை. "இத எப்ப யோசிச்சீங்க ராத்தா? படி இறங்கக்குள்ளயா?"

"வல்லாஹி, அவர் சொன்னார்."

"அல்லாஹ்வ இதுக்குள்ள இழுக்க வேணாம்," என்று மோட்டார் சைக்கிளை எடுத்துப் போய்விட்டான்.

மேலே சரீப் படியையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன சொன்னான்?"

அழுதிட்டான், நாளைக்கு வாறானாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. ஹாஜறா அதை விழுங்கினாள்.

"நம்பல்ல காக்கா. இவ்வளவு நாளும் நான் சொன்னதெல்லாம் பொய்யெண்டு அவனுக்குத் தெரியும்."

சரீப் அவள் பக்கம் திரும்பினார். "அப்ப, அவன் என்ட சுகம் கேட்டான் எண்டு சொன்னது?"

"அதுவும் பொய்தான் காக்கா."

"நான் நம்பினன் ஹாஜறா," என்றார். "அவன் மனசு ஆறிட்டான், பிறகென்னத்துக்கு நான் போய்ப் பேசணும் எண்டுதான் இருந்திட்டன்."