வலப்பக்க வகிடு

பாராட்டு விழா என்றாலே எனக்கு அப்போது எரிச்சல்தான். எண்பதுகளில் திண்டிவனத்தில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்துக்கொண்டு, விழுப்புரத்தில் அச்சான உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றுக்கும் படம் எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பத்திரிகைக்கு முன்னாள் ராணுவத்தினர் விழா என்றால் உயிர். ஆகஸ்டும் ஜனவரியும் வந்துவிட்டால் போதும், ஏதாவது ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு, பட்டாளத்துப் பெரியவர்களை வரிசையாக உட்கார வைத்துவிடுவார்கள். சால்வை போடுகிறவர் அதை வாங்கிக்கொள்பவரைப் பார்க்கவே மாட்டார். என் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்பார். படம் சரியாக விழவில்லை என்று நான் சொன்னால், போட்ட சால்வையை உருவி மறுபடியும் போடுவார். பர்மா வரைக்கும் போய்ச் சண்டை போட்ட மனிதர், அந்தக் கூத்துக்கும் அட்டென்ஷனில் நிற்பார்.

எடுத்த படங்களில் பாதி எனக்கு மறந்துபோய்விட்டது. ஒன்று மட்டும் விடமாட்டேன் என்கிறது. இன்றைக்கும் தலை வாரும்போது கண்ணாடியை ரொம்ப நேரம் பார்க்க எனக்குப் பிடிப்பதில்லை.

ஒரு விழாவுக்குச் சில நாள் முன்னால் ஒலக்கூர்ப் பக்கத்திலிருந்து மூன்று பேர் ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். விவசாயம் பார்க்கும் ஒரு பெரியவர், அவருடைய இளைய மகன், மூத்த மருமகள். மூத்த மகன் எழுபத்தொன்றாம் வருஷத்துச் சண்டையில் காணாமல் போனவர். செத்ததை யாரும் பார்க்கவில்லை, உடம்பும் வரவில்லை. ராணுவம் அவர் இறந்ததாக எடுத்துக்கொண்டது, ஊரும் எடுத்துக்கொண்டது. அந்தம்மா மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. நெற்றி நிறையக் குங்குமம், கழுத்தில் தாலி, தலையில் பூவோடுதான் வந்திருந்தார். விழா மேடையில் கணவருடைய படத்தை நாற்காலியில் வைத்து மாலை போடப் போகிறார்களாம். அதற்குப் படம் வேண்டும்.

“மாலை விழுந்துட்டா கருமாதிய முடிச்சிடலாம் தம்பி,” என்றார் பெரியவர். “என் கண்ணு மூடறதுக்குள்ள அவனுக்குச் செய்ய வேண்டியத செஞ்சிடணும். இந்தப் பொண்ணும் எத்தினி நாளைக்கி வாசல பாத்துக்கினு உக்காந்திருக்கும், சொல்லு?”

கருமாதி என்றால் தாலியும் போகும், பொட்டும் போகும். அந்தம்மா பையிலிருந்து கல்யாணப் படத்தை எடுத்துக் கொடுத்தார். கூரை ஒழுகிச் சட்டத்துக்குள் மழைத் தண்ணீர் இறங்கியிருந்தது. மணப்பெண் அப்படியே இருந்தாள். மாப்பிள்ளைக்குத் தோள் இருந்தது, மாலை இருந்தது, முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை. வீட்டில் வேறு படம் கிடையாது என்றார்கள்.

“இத வெச்சி ஒன்னும் பண்ண முடியாதுங்க,” என்றேன்.

“அதுக்குத்தான் சின்னவன இட்டாந்திருக்கேன். அண்ணன உரிச்சி வெச்சிருக்கான். பெட்டியில இருந்த பெரியவன் பட்டாளத்து டிரெஸ்ஸும் கையோட இருக்குது.”

கேட்க விபரீதமாக இருந்தாலும் எங்கள் தொழிலில் அது நடக்கிற காரியம்தான். அப்பா படம் இல்லாத வீட்டில் மகனை உட்கார வைத்து, மீசையைப் பெரிதாக வரைந்து, அப்பா என்று மாட்டிவைத்திருக்கிறார்கள். சரி என்றேன்.

அண்ணன் பட்டாளத்துக்குப் போனபோது தம்பி டவுசர் போட்ட பையன். இப்போது அண்ணன் காணாமல் போன வயது இவனுக்கு. திரைக்குப் பின்னால் போய் உடுப்பு மாற்றிக்கொண்டு அந்துருண்டை வாசனையோடு வெளியே வந்தான். அந்தம்மா சட்டென்று எழுந்து முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பிறகு, அது கொழுந்தன் என்று ஞாபகம் வந்து, மெதுவாக உட்கார்ந்தார்.

“எனக்குக் கண்ணுல புரை. இவனுக்கு அண்ணன் மொகமே நெனவு இல்ல. நீதாம்மா அடையாளம் சொல்லணும்,” என்றார் மாமனார்.

“வகிடு வலப்பக்கம் எடுக்கச் சொல்லுங்கண்ணா. இடது காதுல மாட்டுக் கொம்பு கிழிச்ச வெட்டு இருக்கும்,” என்றார் அந்தம்மா. யோசிக்கவேயில்லை.

தம்பி சுவர்க் கண்ணாடி முன்னால் நின்று வலப்பக்கம் வகிடெடுத்து வாரினான். அந்தம்மா அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

“அந்தக் கண்ணாடிய மூடிடுங்கண்ணா,” என்றார்.

ஏதோ துக்கம் என்று நினைத்துத் துண்டைப் போட்டு மூடினேன்.

படம் எடுத்தேன். நெகட்டிவில் கத்தி நுனியால் சுரண்டி இடது காதில் அந்த வெட்டையும் உண்டாக்கினேன். பிரிண்ட் போடும்போது மருந்துத் தண்ணீர்த் தட்டில் முதலில் காது வந்தது, அப்புறம் வகிடு, கடைசியாகக் கண்கள். நான் படம் எடுத்தது தம்பியைத்தான். தண்ணீருக்கு அடியிலிருந்து என்னைப் பார்த்தது தம்பி இல்லை. “யார்றா நீ?” என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். இருட்டறையின் சிவப்பு விளக்கில் எவனும் எவனாகவும் தெரிவான் என்று என்னையே திட்டிக்கொண்டு வேலையை முடித்தேன்.

விழா அன்று நல்ல வெயில். உயிரோடு இருந்த பட்டாளத்துக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு நாற்காலியில் அந்தப் படம். சம்பங்கி மாலை போட்டு, சட்டத்தில் பொட்டு வைத்தார்கள். பிறகு மௌன அஞ்சலி. மைதானத்தில் ஒரு சத்தம் இல்லை. பந்தல் துணி மட்டும் மூச்சு விடுவதுபோல் உப்பி உப்பித் தணிந்தது. கடைசி வரிசையில் தம்பி, துண்டால் தலையை மூடிக்கொண்டு, தன் முகத்துக்கு மாலை விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் படத்தையும் மாலையையும் மட்டும் கிட்டத்தில் போய் எடுத்தேன். பத்திரிகை கேட்டது அதைத்தான்.

கூட்டம் கலைந்ததும் அந்தம்மா வேப்பமரத்தடியில் என்னிடம் வந்தார். அழுத முகமே இல்லை.

“உங்க கிட்ட மட்டும் சொல்றேண்ணா. அது அவரு இல்ல. அவருக்கு வகிடு இடப்பக்கம். வெட்டு வலது காதுல. நான்தான் மாத்திச் சொன்னேன்.”

“ஏம்மா?”

“உசுரோட இருக்கறவருக்கு மாலை போடலாமாண்ணா? மாலை வேற எவனுக்கோ விழுந்துச்சி. அவருக்கு விழல. கருமாதின்னு மாமா பேச்செடுத்தா, இது அவரு மொகமே இல்லன்னு சொல்லிடுவேன். என் தாலிய யாரு தொடறாங்கன்னு பாக்கறேன்.”

எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. அதே நேரம், அப்படியானால் நாற்காலியில் இருக்கிறவன் யார் என்ற கேள்வியும் வந்தது. திரும்பி அந்தப் பக்கம் பார்க்காமலே வீட்டுக்கு வந்தேன்.

இரண்டாம் நாள் காலை பஸ்ஸில் பத்திரிகைக் கட்டு வந்தது. முதல் பக்கத்தில் என் படம். பார்த்ததும் என்னவோ உறுத்தியது. சட்டைப் பொத்தான் பட்டி மறுபக்கம் இருந்தது. சட்டைக் கையில் தைத்திருந்த பதவிப் பட்டை மறு கையில் இருந்தது. விழுப்புரத்தில் அச்சுக்குப் படத்தை பிளாக் செய்தவன் பிலிமைத் திருப்பி வைத்து, இடத்தை வலமாக்கிவிட்டான். எங்கள் தொழிலில் சகஜமான பிசகு. எழுத்து இல்லாத படத்தில் யாரும் கவனிப்பதில்லை. நானும் வைதுவிட்டுப் போயிருப்பேன். அப்புறம்தான் தலையைப் பார்த்தேன். வகிடு இடப்பக்கம். வெட்டு வலது காதில்.

கடையைப் பூட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன். அந்தம்மா கண்ணில் பட்டிருக்கக் கூடாதே என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டேன். எங்கே! பெரியவர் பெருமையாக வாங்கிக்கொண்டு போய் மருமகள் கையில் கொடுத்திருந்தார். அந்தம்மா வீட்டுக்குள் தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் பத்திரிகை விரிந்து கிடந்தது. மூலையில் தம்பி போர்வைக்குள் சுருண்டிருந்தான். விழா அன்றே காய்ச்சல் கண்டதாம்.

“எப்டிண்ணா தெரிஞ்சிது உங்க பேப்பருக்கு?” என்று அந்தம்மா கேட்டார்.

நெகட்டிவைக் கையோடு எடுத்துப் போயிருந்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் காட்டி, பிளாக் செய்தவன் எப்படிப் பிசகினான் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“அன்னிக்கி உங்க கண்ணாடியிலயும் வகிடு மாறி இப்டித்தான் நின்னாரு. மூடச் சொன்னேன்.” பத்திரிகையில் அந்தக் காதை விரலால் தடவினார். “மிஷின் தப்புன்னே வெச்சிக்குங்க. நான் ஒளிச்சி வெச்ச மொகம் தானா வந்திருக்குதே. வருவாரு வருவாருன்னுதான உக்காந்துக்கினு இருந்தேன்? வந்துட்டாரு. மாலையோட வந்திருக்காரு.”

அப்படியெல்லாம் இல்லை, இது வெறும் பிலிம் என்று சொல்ல வாயெடுத்தேன். நானே அதை அப்போது நம்பவில்லை.

அந்தம்மா வெளியே இருந்த மாமனாரைக் கூப்பிட்டார்.

“மாமா, கருமாதிக்கி நாள் பாக்கச் சொல்லிடுங்க.”

பிறகு படத்திலிருந்த முகத்தில் மடிப்பு விழாமல் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு எழுந்தார்.

“வெயில்ல வந்திருக்கீங்க. மோர் குடிச்சிட்டுப் போங்கண்ணா,” என்றார். வாங்கிக் குடித்தேன்.