முகக்கண்ணாடியும் பப்பாளித் தண்டும்

என் அத்தையைத் தூத்துக்குடியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மாமாவுக்குக் கடலில் முங்கிச் சங்கெடுக்கிற தொழில். கல்யாணமான மறுவருடம், குற்றாலச் சாரல் முடிகிற சமயத்தில், அத்தை மட்டும் ஒரு தகரப்பெட்டியோடு தென்காசிக்கு வந்து இறங்கினாள். இருட்டுக் கடலுக்குள் முங்குகிறவருக்கு வாழ்க்கைப்பட்டுத் தினமும் தாலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது, இனி அந்த ஊர்ப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். வீட்டில் எல்லோரும் சொல்லிப் பார்த்தார்கள். அவள் அசையவில்லை.

ஒரு வாரத்தில் மாமா வந்தார். அத்தை அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. அப்பா செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். பாவம், பேச ஆளில்லாமல் மாமா என்னைப் பிடித்துக்கொண்டார். பையிலிருந்து ரப்பர் விளிம்பு வைத்த ஒரு முகக்கண்ணாடியை எடுத்துக் காட்டினார். கடலுக்கடியில் பவளப்பாறை கிளை கிளையாகப் பூத்திருக்கும், மஞ்சளும் நீலமுமாக மீன்கள் அதற்குள் கண்ணாமூச்சி ஆடும் என்றார். கடலையே பார்த்திராத எனக்குத் தலைகால் புரியவில்லை. நானும் பார்க்கணும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். மறுநாள் என்னைக் குற்றாலத்துக்குக் கூட்டிப் போவதாக ஏற்பாடாயிற்று. பெண்பிள்ளைக்குத் துணை வேண்டாமா என்று அம்மா அத்தையையும் கிளப்பிவிட்டாள்.

அருவிக்குக் கீழே ஆறு தெளிந்து கிடந்த இடத்தில் மாமா என்னை இறக்கினார். முகத்தில் கண்ணாடி, வாயில் மூச்சுவிடப் பப்பாளித் தண்டு. அத்தை பாறைமேல் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். நீருக்குள் குனிந்து பார்த்தேன். கூழாங்கல் ஒவ்வொன்றும் புளிபோட்டுத் துலக்கிய பாத்திரம் போல மின்னியது. குட்டி மீன்கள் என் கால்விரலைக் கொத்திப் பார்த்தன.

“ஏட்டி, உள்ள இருட்டா இருக்கா?” என்றார் மாமா.

தலையைத் தூக்கி, “இல்ல மாமா, வெளிச்சமா இருக்கு!” என்றேன்.

மறுபடி முங்கி எழுந்தால் மறுபடியும் அதே கேள்வி. “நல்லாப் பாத்துச் சொல்லுட்டி, இருட்டா இருக்கா?”

மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோ, அத்தை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். “இங்கன கொண்டா” என்று கண்ணாடியையும் தண்டையும் வாங்கினாள். குனிந்தவள் நெடுநேரம் நிமிரவில்லை. தண்டின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. மாமா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒருவழியாக நிமிர்ந்து, “அங்கனயும் இப்படித்தான் தெரியுமா?” என்று கேட்டாள்.

“இதவிட வெளிச்சம்” என்றார் மாமா.

மறுநாள் காலை இருவரும் தூத்துக்குடிக்குக் கரிவண்டி ரயில் ஏறிவிட்டார்கள். கண்ணாடியும் கூடவே போய்விட்டது. எனக்காகக் கொண்டுவந்ததை அத்தை பறித்துக்கொண்டாள் என்று அழுது ஊரைக் கூட்டினேன். அதோடு மாமாவை நினைத்துப் பரிதாபமும் பட்டேன். கடலில் முங்கி முங்கி மனுஷனுக்குக் காது மந்தமாகிவிட்டது போலிருக்கிறது என்றுதான், அன்று ஒவ்வொரு தடவையும் குற்றாலமே கேட்கும்படி கத்திப் பதில் சொல்லியிருந்தேன்.