ஷேட் கார்டின் பின்பக்கம்

காலை 7.10. கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை போகும் பேருந்து. என் பக்கத்து இருக்கையில் யோகன், சுவருக்குப் பெயின்ட் அடிப்பவர். ஜன்னலோரம் அவருடைய மகள் தர்ஷினி, ஒன்பதாம் வகுப்பு. அவர் காலடியில் இரண்டு வாளிகள்.

“பக்கெட்டுக்கு லக்கேஜ் போடணும்பா,” என்றார் நடத்துநர்.

“காலி பக்கெட்டுங்க. பிரஷ்தான் கீது. கரியாலூர்ல ஒரு லாட்ஜுல வேல.”

“அப்ப பிரஷுக்கு ஒரு டிக்கெட் எடுத்துக்கோ.”

பேருந்தே சிரித்தது, யோகனும் சிரித்தார். அவருடைய போன் இருமுறை அடித்தது. பெயரைப் பார்த்துவிட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

“எங்க அக்கா. பஸ்ஸுல எடுக்க மாட்டேங்க.”

கச்சிராயபாளையத்தில் பாதிக் கூட்டம் இறங்கியது. பேருந்து மலையேறத் தொடங்கியதும் தாழ்ந்த குரலில் சொன்னார்: சொந்த ஊர் கிளிநொச்சி. ஒன்பது வயதில் சித்தப்பாவோடு படகில் வந்தவர். அக்கா தாயோடு அங்கேயே தங்கிவிட்டார். அன்று முதல் யோகனுக்கு அகதி முகாம்தான் வீடு. வேலைக்குப் போகும் இடத்தில் முகாம்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதில்லை. ஏணியைப் பிடி என்பதற்குக்கூடக் கையைத்தான் காட்டுவார்கள். இலங்கைப் பேச்சைக் கேட்டதும், எந்த ஊர், எப்போது வந்தாய் என்று விசாரணை தொடங்கும். சிலர் மறுநாள் வர வேண்டாம் என்பார்கள். அப்படி மறைத்த பேச்சு பிறகு வீட்டுக்குள்ளும் திரும்பவில்லை.

போர் முடிந்து, அக்காவின் எண் கிடைத்து முதன்முறை பேசியபோது, “ஆரோ இந்தியாக்காரன்” என்று அக்கா போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு யோகன் ஊர்ப் பேச்சில் எழுதிவைத்துக்கொண்டுதான் பேசுகிறார்.

அக்காவுக்கு மறுநாள் காலை இதய அறுவை சிகிச்சை. மதியத்துக்கு மேல் வார்டில் போன் பேச விடமாட்டார்களாம். “யாரோ பேசினாங்கன்னு நெனச்சிக்கினே தியேட்டருக்குள்ள போயிடக் கூடாதுங்க. தம்பி பேசினான்னு இருக்கணும்.”

சட்டைப் பையிலிருந்து பெயின்ட் நிறங்களைக் காட்டும் கம்பெனி ஷேட் கார்டை எடுத்தார். பின்பக்கத்தில் பேனாவால் எழுதிய ஆறு வரிகள். போரின் கடைசியில் முகாமுக்கு வந்த பெண் ஒருவர் திருத்திக் கொடுத்தது. உதடு அசையப் படித்தார்.

“நாடகத்துக்கு ஒத்திகை பாக்குற மாதிரியே கீதுப்பா,” என்றாள் தர்ஷினி. அவளுக்கு அந்தப் பேச்சு வேண்டாம். ஆறாம் வகுப்பில் ஒருமுறை வாயில் வந்துவிட, வருடம் முழுக்கக் கேலி செய்தார்களாம்.

9.05. கரியாலூர். நானும் அங்கேதான் இறங்கினேன். குளிருக்கு ஆளுக்கொரு தேநீர், பன்னிரண்டு ரூபாய். லாட்ஜின் பின்னால் ஒரு பாறைமேல்தான் சிக்னல் கிடைக்கும் என்றார் காவலாளி. மூவரும் ஏறினோம்.

யோகன் ஸ்பீக்கரைப் போட்டு, கார்டைப் பார்த்துப் படித்தார்: “அக்கா, நான் யோகன் கதைக்கிறன். நாளைக்கு ஒண்டும் நடக்காது. பயப்பிடாதேங்கோ.”

மறுமுனையில் அக்காவின் குரல்:

“வடிவாத்தான் கதைக்கிறாய் தம்பி. பாடமாக்கி ஒப்புவிக்கிற மாதிரிக் கிடக்கு. நீ பிள்ளையோட எப்பிடிக் கதைப்பியோ, அப்பிடிக் கதையன்.”

யோகன் கார்டைத் திருப்பினார். அந்தப் பக்கம் நிறங்கள் மட்டும்தான்.

“பேசுப்பா. அத்த காத்துக்கினு கீறாங்க,” என்றாள் தர்ஷினி.

“அக்கா… பயமாக் கீதுக்கா. உனுக்கு ஒன்னும் ஆவாதில்ல? சாப்ட்டியா?”

“சாப்பிட்டனான். இப்பதான் என்ர தம்பி. வைச்சுப்போடாத, இன்னும் கொஞ்சம் கதை.”

யோகன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். போனை மகளிடம் நீட்டினார். “அத்தே, நான் தர்ஷினி. அப்பா அழுவுறாரு. நீங்க அழுவாதீங்க,” என்றாள் அவள்.

மாலை 3.15 பேருந்தில் நான் மலையிறங்கினேன். லாட்ஜின் முன்சுவர் பாதி வெளிர்மஞ்சளாகியிருந்தது. யோகன் ஏணியில் நின்றபடி கைகாட்டினார்.

உளுந்தூர்பேட்டையில் சென்னைப் பேருந்துக்குக் காத்திருந்தபோது என் அக்காவை அழைத்தேன். கையில் எந்தச் சீட்டும் இல்லை. கால் மணி நேரம் பேசினோம். என்ன பேசினோம் என்று இப்போது நினைவில்லை.